தூங்குகிற குழந்தைக்கும் வலிக்கும்

குழந்தைகள் ஐசியூ பற்றிப் போன இதழில் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தில்தான் வந்து நிற்கின்றன: உள்ளே படுத்திருக்கும் பிள்ளைக்கு வலிக்கிறதா, அதை யார் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

என் மகனுக்கு மூன்று வயது. நிமோனியா முற்றி ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தான். பார்க்கப் போகும்போதெல்லாம் "வலிக்குதா அவனுக்கு?" என்று கேட்டேன். "தூங்குறாம்மா, ஒண்ணும் தெரியாது" என்றார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. தூக்கத்தில் இருந்தால் வலி தெரியாதா டாக்டர்?
— ஒரு அம்மா, திருநெல்வேலி

பிள்ளை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்ததில் சந்தோஷம் அம்மா. நேராகவே சொல்லிவிடுகிறேன். தூங்குவது வேறு, வலிக்காமல் இருப்பது வேறு. ஐசியூவில் தூங்க வைக்க அதிகம் புழங்குகிற மருந்து மிடாசோலம். அது கண்ணை மூட வைக்கும், பதற்றத்தைத் தணிக்கும், நடந்ததை மறக்கவும் வைக்கும், ஆனால் வலியைக் குறைக்காது. வலிக்கு ஃபென்டனில், மார்ஃபின் என்று தனி மருந்து வேண்டும். அதனால்தான் வென்டிலேட்டரில் இருக்கிற குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே ஓடும். கட்டிலுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கிற சிரிஞ்சு பம்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தூக்க மருந்து போதுமான அளவு ஓடி, வலி மருந்து குறைவாக இருந்தால், குழந்தை அசையாமல் கிடக்கும், வலி மட்டும் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். உங்கள் மகனுக்கு அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை, சார்ட்டைப் பார்க்காமல் யாராலும் அதைச் சொல்ல முடியாது. "தூங்குறான், அதனால தெரியாது" என்பது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

சரி, வாய் திறந்து சொல்ல முடியாத குழந்தையிடம் எப்படிக் கண்டுபிடிப்பது? பார்த்துத்தான். ஆனால் ஆளாளுக்குத் தோன்றியபடி பார்த்தால் காலை நர்ஸுக்கு "பரவாயில்லை" என்று தெரிவது ராத்திரி நர்ஸுக்கு "பாவம், துடிக்குது" என்று தெரியும். அதற்காகத்தான் ஸ்கோர்கள் வந்தன. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1997-ல் வெளிவந்த ஃப்ளாக் என்ற ஸ்கோர் இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் பழக்கமானது. முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, சமாதானப்படுத்தினால் அடங்குகிறதா என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டுக் கூட்ட வேண்டும். கால் தளர்ந்து கிடந்தால் 0, முறுக்கிக்கொண்டு நிலைகொள்ளாமல் இருந்தால் 1, உதைத்தாலோ வயிற்றோடு மடக்கிக்கொண்டாலோ 2. மொத்தம் 10. நாலு, அதற்கு மேல் போனால் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கக் கூடாது.

வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மூச்சுக்கான டியூப் குரல்நாண்களுக்கு நடுவே போகிறது, அதனால் சத்தம் வராது. முகம் மட்டும் அழும். முதல் தடவை அதைப் பார்க்கிற யாருக்கும் வயிற்றைப் பிசையும். இவர்களுக்காக 1992-ல் வந்தது கம்ஃபர்ட் என்ற ஸ்கோர். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் உட்பட எட்டு விஷயங்களை அதில் பார்த்தார்கள். காய்ச்சலிலும் நாடி ஓடும், ரத்த அழுத்தத்துக்கு ஓடுகிற மருந்தாலும் எண்கள் மாறும் என்பதால் நெதர்லாந்தில் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, விழிப்பு, பதற்றம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போகிறதா முட்டிக்கொள்கிறதா, அசைவு, தசை இறுக்கம், முகத்தின் இறுக்கம் என்று ஆறை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நர்ஸ் கட்டிலருகே நின்று இரண்டு நிமிடம் வேறெதுவும் செய்யாமல் குழந்தையை மட்டும் பார்க்க வேண்டும். மொத்தம் 6 முதல் 30 வரை வரும். 10, அதற்குக் கீழே என்றால் மருந்து அதிகமாகி ஆழ்ந்துவிட்டது, 23, அதற்கு மேல் என்றால் போதவில்லை, நடுவில் இருந்தால் அந்த நர்ஸின் அனுபவமும் பெற்றவர்கள் சொல்வதும்தான் வழிகாட்டும்.

என்னைக் கேட்டால் அந்த எண்ணைவிட அந்த இரண்டு நிமிடம்தான் பெரியது. மானிட்டரைப் பார்க்கிறோம், டிரிப்பைப் பார்க்கிறோம், ரிப்போர்ட்டைப் பார்க்கிறோம், குழந்தையின் முகத்தை இரண்டு நிமிடம் பார்ப்பது மட்டும் விட்டுப்போகிறது. நான் பட்டமேற்படிப்பு படித்த நாட்களில் தொடை எலும்பு முறிந்து நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. அழவே அழாது. "நல்ல குழந்தை, தொந்தரவே இல்லை" என்று ரவுண்ட்ஸில் நானே சொன்னேன். மூன்றாம் நாள் ஊரிலிருந்து வந்த பாட்டி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இவ இப்படிக் கெடக்குறவளே இல்ல, வலி தாங்காம மரத்துப்போய்க் கெடக்குறா" என்றார். வலி மருந்தைக் கூட்டினோம். கொஞ்ச நேரத்தில் அந்தக் குழந்தை பாட்டியிடம் தோசை கேட்டது. அன்றிலிருந்து "அமைதியாக இருக்கிறது" என்று யாராவது சார்ட்டில் எழுதினால் நான் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

என் பேரன் எட்டு மாதத்தில் பிறந்து ஐசியூவில் இருக்கிறான். தினமும் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். "பச்சை உடம்புக்கு வலி தெரியாது" என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள். உண்மையா?
— ஒரு தாத்தா, காரைக்குடி

ஐயா, அப்படிச் சொன்னது வீட்டுப் பெரியவர்கள் மட்டும் இல்லை, டாக்டர்களும்தான் ரொம்ப காலம் அப்படி நம்பினார்கள். நரம்பு முழுதாக வளரவில்லை, அதனால் வலி மூளைக்குப் போகாது என்பது அவர்கள் கணக்கு. 1985-ல் அமெரிக்காவில் குறைமாதத்தில் பிறந்த ஜெஃப்ரி லாசன் என்ற குழந்தைக்கு இதயத்துக்குப் பக்கத்திலுள்ள ரத்தக்குழாயைக் கட்டுகிற ஆபரேஷன் செய்தார்கள். அசையாமல் இருப்பதற்கான மருந்து மட்டும் கொடுத்திருந்தார்கள், வலிக்கு எதுவும் இல்லை. குழந்தை சில வாரத்தில் இறந்துபோனது. பின்னால்தான் தாய் ஜில் லாசனுக்கு இது தெரிய வந்தது, அவர் விடாமல் எழுதியும் பேசியும் ஊரறியச் செய்தார்.

ஏறக்குறைய அதே நேரத்தில், இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போன கே.ஜே.எஸ். ஆனந்த், ஆபரேஷன் முடிந்து திரும்புகிற குறைமாதக் குழந்தைகளின் உடம்பு ஏன் இவ்வளவு மோசமாகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். அப்போதிருந்த வழக்கமான மருந்துகளோடு ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு ஃபென்டனிலும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில், அவர்களுக்கு அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைவாகச் சுரந்தன, ஆபரேஷனுக்குப் பின் வந்த சிக்கல்களும் குறைந்தன. 1987-ல் லான்செட் இதழில் அது வெளிவந்தது. அதே வருடம் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் பச்சைக் குழந்தைக்கும் ஆபரேஷனின்போது வலி மருந்து வேண்டும் என்று அறிவித்தது. யோசித்துப் பாருங்கள், நாற்பது வருடம்கூட ஆகவில்லை.

உங்கள் பேரனுக்கு வலிக்கும். அதைக் குறைக்கவும் வழி இருக்கிறது. குத்துகிற நேரத்தில் தாய் மார்போடு அணைத்துப் பால் கொடுக்கலாம். அது முடியாத குழந்தைக்கு ஐசியூவில் அளந்து தயாரித்த சர்க்கரைக் கரைசலைச் சில சொட்டு நாக்கில் விடுவார்கள், கையைக் காலை மடக்கித் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள். இதைப் படித்துவிட்டு வீட்டில் சேனைத் தண்ணி கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், குறைமாதக் குழந்தையின் குடலுக்கு அது ஆபத்து. "ஊசி குத்தும்போது மருமகளைப் பக்கத்தில் இருக்க விடுவீர்களா?" என்று கேளுங்கள், அது போதும்.

நர்ஸிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். தசைகளைத் தளர்த்தும் மருந்து ஓடும் குழந்தைக்கு ஃப்ளாக் ஸ்கோர் 0 என்று எழுதியிருந்தார்கள். அது சரியா மேடம்?
— ஒரு மாணவி, வேலூர்

சரியில்லை, கேட்டதற்கு நன்றி. வெக்யூரோனியமோ அட்ராகியூரியமோ போன்ற தசைத் தளர்வு மருந்து ஓடும்போது முகமும் சுருங்காது, காலும் அசையாது. அந்த 0 என்பது வலி இல்லை என்பதற்கு அடையாளம் அல்ல, மருந்து வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான். அந்த நேரத்தில் ஸ்கோர் கட்டத்தில் எண் போடாதீர்கள், "தசைத் தளர்வு மருந்து ஓடுகிறது, மதிப்பிட இயலவில்லை" என்று எழுதுங்கள். அப்புறம் வேறு தடயங்களைத் தேடுங்கள்: சளியை உறிஞ்சி எடுக்க சக்ஷன் போடும்போதோ புரட்டும்போதோ நாடி குபீரென்று ஏறுகிறதா, ரத்த அழுத்தம் ஏறுகிறதா, கண்ணோரம் நீர் கசிகிறதா, நெற்றி வியர்க்கிறதா. இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம், ஆனாலும் முதலில் வலி என்றே எடுத்துக்கொள்வதுதான் நியாயம். தசை மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வலி மருந்தும் தூக்க மருந்தும் நன்றாக ஏறியிருக்க வேண்டும். முடிந்தால் தினமும் ஒரு தடவை தசை மருந்தை நிறுத்தி, குழந்தை அசையத் தொடங்கியதும் மதிப்பிட வேண்டும்.

இன்னொன்று, ஸ்கோரை ஒரு தடவை எழுதிவிட்டு விடாதீர்கள். மருந்து கொடுப்பதற்கு முன் ஒன்று, கொடுத்து அது வேலை செய்ய நேரம் விட்டு இன்னொன்று. இரண்டாவது எண் இல்லாவிட்டால் முதல் எண்ணை எழுதிப் பயனில்லை.

மூளை வளர்ச்சி பாதித்த என் மகளுக்கு 11 வயது. பேச மாட்டாள், கை கால் எப்போதும் இறுக்கமாகத்தான் இருக்கும். வலி வந்தால் சில சமயம் சிரிக்கிறாள். ஆஸ்பத்திரியில் யாரும் நம்பவில்லை.
— ஒரு தாய், தஞ்சாவூர்

நான் நம்புகிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலர் வலியில் சிரிப்பது உண்டு, சிலர் கையைக் கடித்துக்கொள்வார்கள், சிலர் கல்லாகச் சமைந்துவிடுவார்கள். ஃப்ளாக் ஸ்கோரையே இவர்களுக்காகக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள்: "உங்கள் பிள்ளைக்கு வலித்தால் என்ன செய்வாள்?" என்று முதலிலேயே பெற்றவர்களைக் கேட்டு, அதை அந்தந்தக் கட்டத்தில் எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மதிப்பெண் போட வேண்டும். கால் எப்போதும் இறுகியிருக்கும் பிள்ளைக்கு இறுக்கத்துக்காக மட்டும் 2 போட்டாலும் தப்பு, "இவளுக்கு இது வழக்கம்தானே" என்று 0 போட்டாலும் தப்பு. வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. அவள் நன்றாக இருக்கும்போது ஒரு நிமிடம், வலியில் இருக்கும்போது ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அட்மிஷனின்போது நர்ஸிடம் இரண்டையும் காட்டுங்கள்.

விபத்தில் அடிபட்டு 12 நாள் ஐசியூவில் இருந்த என் மகன் (6 வயது) கண் விழித்த பிறகு ஓயாமல் நடுங்கினான், தும்மினான், வியர்த்துக் கொட்டியது. ராத்திரியில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அலறினான், என்னையே யார் என்று கேட்டான். என் அம்மா, காத்து கருப்பு என்று கயிறு கட்டினார். மார்ஃபின் கொடுத்து என் பிள்ளையைப் போதைக்கு அடிமையாக்கிவிட்டார்களா?
— ஒரு அப்பா, ஓசூர்

இல்லை. இந்தப் பயம் எனக்கு எழுதுகிற அப்பாக்கள் பலரிடம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். நடுக்கம், தும்மல், கொட்டாவி, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம், ஐந்து நாளுக்கு மேல் மார்ஃபினோ ஃபென்டனிலோ தொடர்ந்து ஓடிப் பழகிய உடம்பு, மருந்து சட்டென்று குறையும்போது காட்டுகிற அடையாளங்கள். உடம்பு ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு, மனசு அதைத் தேடி அலைவது வேறு. ஆறு வயதுப் பிள்ளை போதைக்கு ஏங்கவில்லை, அவன் நரம்புகள் பழைய நிலைக்குத் திரும்ப அவகாசம் கேட்கின்றன, அவ்வளவுதான். இதை அளக்கவும் வாட் என்று ஒரு ஸ்கோர் இருக்கிறது, 12-க்கு 3 வந்தாலே கவனிக்க வேண்டும். மருந்து குறைக்கிற வேகத்தை மட்டுப்படுத்தினால், தேவைப்பட்டால் கொஞ்ச நாள் வாய்வழி மருந்துக்கு மாற்றினால், பெரும்பாலும் அடங்கிவிடும். வீட்டுக்குப் போகும்போது அப்படி ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பூச்சி ஊர்வதும் அப்பாவைத் தெரியாமல் போவதும் டெலிரியம், அதாவது நோயும் மருந்தும் தூக்கக்கேடும் சேர்ந்து மூளையைத் தற்காலிகமாகக் குழப்புவது. மிடாசோலம் வகை மருந்துகள் இதைக் கூட்டும். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் குழு உருவாக்கி 2014-ல் வெளியான கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு: குழந்தை கண்ணைப் பார்க்கிறதா, காரணத்தோடு கை கால் அசைக்கிறதா, சுற்றி நடப்பது தெரிகிறதா, என்ன வேண்டும் என்று காட்டுகிறதா என்று எட்டுக் கேள்வி, பதில்களுக்குப் போட்ட மதிப்பெண்களைக் கூட்டி 9, அதற்கு மேல் வந்தால் டெலிரியம் என்று சந்தேகிக்க வேண்டும். உங்கள் மகன் அலறினான், அதனால் கண்டுபிடித்தீர்கள். அலறாமல், கூரையையே வெறித்துக்கொண்டு கிடக்கிற டெலிரியமும் இருக்கிறது. அதைத்தான் நாங்கள் அதிகம் தவறவிடுகிறோம், ஏனென்றால் அந்தக் குழந்தையும் "அமைதியாக" இருக்கிறது.

பாட்டி கட்டிய கயிறு இருக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் இப்படி நடந்தால் உடனே நர்ஸிடமும் சொல்லிவிடுங்கள். ராத்திரியில் விளக்கைக் குறைக்கச் சொல்லுங்கள், பகலில் வெளிச்சம் வரட்டும், "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நீ ஆஸ்பத்திரில இருக்க, அப்பா இங்கதான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

மருந்தைக் குறைத்து, குழந்தையை விழிக்க வைத்தே பார்த்துக்கொள்ளலாமே என்றும் வேறு சிலர் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 31 ஐசியூக்களில் 2,449 குழந்தைகளை வைத்து நர்ஸ்களே ஸ்கோர் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்கிற முறையைச் சோதித்தார்கள், 2015-ல் முடிவு வந்தது. வென்டிலேட்டர் நாட்கள் குறையவில்லை. டியூப் இருக்கும்போதே விழிப்பாகவும் அமைதியாகவும் இருந்த நேரம் கூடியது, மார்ஃபின் வகை மருந்து ஓடிய நாட்களும் குறைந்தன, ஆனால் வலி ஸ்கோர் 4-ஐத் தொட்ட நாட்களும் இந்த முறையில் பார்த்துக்கொண்ட குழந்தைகளுக்குத்தான் அதிகம். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: குழந்தையை விழிக்க வைப்பது நல்லது, ஆனால் விழித்திருக்கும் குழந்தைக்குப் பக்கத்தில் கை காலியாக இருக்கிற ஒரு நர்ஸ் வேண்டும். ஒரே நர்ஸ் நாலு கட்டிலைப் பார்க்கிற இடத்தில் இதை அப்படியே கொண்டுவந்தால் வலிதான் மிஞ்சும்.

மார்ஃபின் பயம் சட்டத்திலேயே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். பயம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

என் மகளுக்கு 9 வயது, இதய ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ஐசியூவில் பேச முடியாது என்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?
— ஒரு அம்மா, கோயம்புத்தூர்

முதலில், வீட்டில் யாராவது "சேட்டை பண்ணா டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்று சொல்லி வளர்த்திருந்தால், அதை இன்றே திருத்துங்கள். வலிக்கிறது என்று சொன்னால் இன்னொரு ஊசி விழும் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐசியூவில் வலி மருந்து பெரும்பாலும் ஏற்கெனவே ரத்தக்குழாயில் போட்டிருக்கிற டிரிப் வழியாகத்தான் போகும், சொன்னால் புதுசாகக் குத்தமாட்டார்கள் என்று அவளிடம் சொல்லுங்கள்.

ஒன்பது வயதுப் பிள்ளையால் 0 முதல் 10 வரை எண்ணாகவே வலியைச் சொல்ல முடியும். இப்போதே பழக்குங்கள்: கொசு கடித்தால் எத்தனை, சைக்கிளிலிருந்து விழுந்தபோது எத்தனை. எண் வராவிட்டால் வாங்–பேக்கர் முகங்கள் இருக்கின்றன, அமெரிக்காவில் தீக்காயப் பிரிவில் குழந்தைகளோடு வேலை பார்த்த இருவர் 1980-களில் உருவாக்கியவை, சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை ஆறு. ஒரு எச்சரிக்கை, சில குழந்தைகள் அம்மாவைக் காணோம் என்ற துக்கத்திலும் அழுகிற முகத்தையே காட்டும். அதனால் "மனசு இல்லை, உடம்பு எவ்வளவு வலிக்குது?" என்று கேட்டுப் பழக்குங்கள்.

அப்புறம் அவள் வார்த்தைகள். நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் "வலி" என்று சொல்வதில்லை. எரியுது, குத்துது, கடுக்குது, விண்விண்ணுனு தெறிக்குது, ஒவ்வொன்றும் எங்களுக்கு வேறு வேறு தகவல். சின்னக் குழந்தை "உவ்வா" என்று சொல்லும், அது புரியாத வேற்று மாநில நர்ஸ் பக்கத்தில் இருக்கலாம். இந்த வார்த்தைகளையும், உங்கள் மகள் வலித்தால் எப்படி இருப்பாள், எதில் அடங்குவாள் என்பதையும் ஒரு தாளில் எழுதி நர்ஸிடம் கொடுங்கள், கட்டிலில் ஒட்டச் சொல்லுங்கள்.

மூச்சு டியூப் இருக்கும்வரை காட்டிப் பேச ஒரு அட்டை வேண்டும். வலி, தண்ணி, அம்மா, புரட்டிப் போடு, பயமா இருக்கு, ஆமாம், இல்லை, இவ்வளவு போதும். மூலையில் ஒரு உடம்புப் படம், எங்கே வலிக்கிறது என்று தொட்டுக்காட்ட. இன்று ராத்திரியே இரண்டு பேரும் உட்கார்ந்து வரைந்துவிடுங்கள், வண்ணம் அவளே அடிக்கட்டும்.